கொலுவில் வைத்த கூர்மம்

தசாவதார செட்டில் கூர்மம் உடைந்து போனதற்கு நான் காரணம் இல்லை. பரணிலிருந்து பெட்டியை இறக்கியவர் என் கணவர். கீழே போட்டவரும் அவர்தான். மச்சத்துக்கும் வராகத்துக்கும் நடுவில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்துப் பார்த்து நாள் முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலை எங்கள் வீட்டு நட்சத்திர ஆமையைத் தூக்கிக்கொண்டு வந்து, "இவர் ஆத்துலயே இருக்கறச்சே நாம ஏன் கடைல தேடணும்?" என்றார்.

கொலுப் படியில் வைத்தால் விழுந்துவிடும் என்பதால், கீழே நான் கடுகு விதைத்து முளைக்க வைத்திருந்த பார்க்கில் விட்டார். ஒரே சாயங்காலத்தில் அது பார்க்கைத் தின்று தீர்த்தது.

ஆமை எங்களிடம் வந்தது பெரிய கதை இல்லை. அவரோடு வேலை பார்த்த ஒருவர், மகனோடு இருக்க வெளிநாடு கிளம்பும்போது கொடுத்துவிட்டுப் போனார். வீட்டில் ஆமை ஆகாது என்று கத்திப் பார்த்தேன். பெருமாளே எடுத்த அவதாரம், ஆகாது என்று சொல்ல நீ யார் என்று என் வாயை அடைத்துவிட்டார். கல்யாணமான நாளிலிருந்து என்னை "ஏய்" என்றே கூப்பிடுகிற மனிதர், அதை மட்டும் "வாங்கோ, சாப்பிடுங்கோ" என்பார். சனிக்கிழமை அவர் எண்ணெய் தேய்த்துக்கொள்ளும்போது அதன் ஓட்டுக்கும் ஒரு கை நல்லெண்ணெய் உண்டு. அது நல்லதில்லை என்று பிறகுதான் தெரிந்தது. மந்தைவெளி ஃப்ளாட்டில் நாங்கள் இரண்டே பேர். பெண் கல்யாணமாகிப் போய்விட்டாள். பொழுதன்னைக்கும் அவர் பேசியது அதோடுதான். எனக்குப் பொறாமையாகக்கூட இருந்திருக்கிறது, மறைப்பானேன்.

அதை வீட்டில் வளர்ப்பது குற்றம் என்று எங்களுக்குத் தெரியாது என்றால் யாரும் நம்பப்போவதில்லை. புலி, யானை என்றால் சரி. கீரை தின்னும் ஒரு ஆமைக்காக ஜெயிலுக்குப் போக நேரும் என்று யார் கண்டது? கொலுவுக்கு வந்தவர்கள் எல்லாரும் செல்போனில் படம் எடுத்தார்கள். இவர் வேறு பெருமையாக அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். படம் எந்த வாட்ஸப் குரூப்பிலிருந்து எந்த குரூப்புக்குப் போனதோ, இரண்டு நாள் கழித்து, சுண்டலுக்குக் குக்கர் வைத்திருந்தபோது பெல் அடித்தது.

காக்கி உடுப்பில் ஒரு பெண். பின்னால் பிளாஸ்டிக் கூடையோடு ஒரு ஆள். பக்கத்துத் தெருவில் யாரோ ஒருத்தி போலீஸில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவள்தான் கொலு பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்துக் குங்குமச் சிமிழை நீட்டிவிட்டேன். அந்தப் பெண் கொஞ்சம் தயங்கி, நெற்றியில் இட்டுக்கொண்டு, "வனத்துறையிலேர்ந்து வர்றோம்மா" என்றாள்.

தேட வேண்டிய அவசியமே இல்லை. "இன்னா மேடம், சாமியாண்டயே கீது" என்றான் கூடைக்காரன்.

அதற்குள் அவர் ஆமையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

"சார், இது வீட்டுல வெச்சுக்கக் கூடாத பிராணி. நீங்களா மனசார ஒப்படைக்கிறீங்கன்னா அப்படியே எழுதிக்கறேன். விசாரிப்பாங்க, ஆனா பெரிசா போகாது. நாங்களா எடுத்தா பறிமுதல். இப்பவே எங்ககூட வரணும், சைதாப்பேட்டை கோர்ட்டு வரைக்கும் போகும்" என்றாள் அந்தப் பெண். நல்லவிதமாகத்தான் சொன்னாள்.

"மனசார நான் கொடுக்கலையே" என்றார் இவர்.

ஆடிட் ஆபீஸில் காலம் தள்ளியவர். நடக்காததை நடந்ததாக எழுத மாட்டேன் என்று சொல்லிச் சொல்லியே ஊர் ஊராக மாற்றல் வாங்கி, எங்களையும் இழுத்துக்கொண்டு அலைந்தவர்.

"எடுத்துண்டு போங்கோ, நான் தடுக்கலை. கொடுத்தேன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."

"ஒரு வார்த்தைதான் சார்."

"பொய் ஒரு வார்த்தையா இருந்தா என்ன, பத்து வார்த்தையா இருந்தா என்ன?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏன்னா, சத்தியம் பேசறதுக்கு இதுதானா நேரம்? போன வருஷம்தான் நெஞ்சுல ஸ்டென்ட் வெச்சிருக்கு. லாக்கப்புல உக்காத்தி வெச்சா தாங்குமா?" என்றேன். குக்கர் விசில் மேல் விசிலாக அடித்தது. அணைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அந்தப் பெண்ணுக்குப் போன் வந்தது. பால்கனிக்குப் போய் யாரோ மேலதிகாரிக்கு "சரிங்க சார், சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு வந்தபோது குரல் மாறியிருந்தது. "ஜீப்புல வந்து உக்காருங்க சார். மாத்திரை ஏதாவது சாப்பிடுறதா இருந்தா எடுத்துக்கங்க" என்றாள்.

அவர் எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார். ஆமையைக் கக்கத்தில் இடுக்கியபடி ஒரு கையால் பட்டன் போட முயன்றார். பட்டன் ஓட்டைக்குள் போகவே இல்லை.

நான் போய் ஆமையைப் பிடுங்கினேன். பிடுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

"ஃப்ளாட் என் பேர்ல இருக்கு. இதுக்குக் கீரை நறுக்கிப் போட்டதெல்லாம் நான்தான். நான் கொடுக்கறேன், மனசாரக் கொடுக்கறேன், எழுதிக்கோங்கோ."

"அப்ப உங்களைத்தாம்மா விசாரணைக்குக் கூப்பிடுவாங்க."

"கூப்பிடட்டும்."

ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை. என் கை அதற்குப் பழக்கம். நானே அதைக் கூடையில் வைத்தேன். அழவில்லை, அழுதால் மனசாரக் கொடுக்கவில்லை என்று எழுதிவிடுவார்களோ என்று பயம்.

நவராத்திரி முடிந்தும் அவர் என்னோடு பேசவில்லை. தட்டை வைத்தால் சாப்பிட்டார், அவ்வளவுதான். கிண்டியில் விசாரணைக்கு வரச் சொன்ன அன்று மட்டும் தானாகவே கிளம்பிக் கூட வந்தார். கேள்வி மேல் கேள்வி கேட்டார்கள், கடைசியில் எச்சரித்து அனுப்பினார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அந்தக் காக்கிப் பெண்ணைப் பார்த்ததும் எழுந்து, "சாப்பிடறாரா?" என்று கேட்டார். "நல்லா சாப்பிடுது சார்" என்றாள் அவள்.

திரும்பி வரும்போது, அடையாறு பாலத்தில் ஆட்டோ நெரிசலில் நின்றது. அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"உனக்கு எப்படி மனசு வந்தது?"

இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது எல்லாம் பொங்கிக்கொண்டு வந்தது. டிரைவர் கண்ணாடியில் பார்ப்பதைக்கூட நான் லட்சியம் பண்ணவில்லை.

"அதைக் கொடுக்கலேன்னா உங்களைத்தானே கொடுத்திருக்கணும்" என்றேன்.