என் இளைப்புக்காக நின்ற வயலின்கள்

ஆடி மாதம் எங்கள் தெருவில் குழாய் ஸ்பீக்கர் கட்டினால், நான் மெட்டுப் போட்ட பாட்டையும் வைப்பார்கள். இரண்டாவது அடியில் வயலின்கள் எல்லாம் சட்டென்று ஒரு நொடி நின்று, பிறகு தொடரும். அந்த இடம் வருவதற்குள் நான் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வீட்டுக்குள் போய்விடுவேன். பாட்டுக்காரம்மாவுக்குக் கூச்சம் என்று தெருவில் நினைத்தார்கள். கூச்சம் உண்டுதான். ஆனால் காரணம் அதுவல்ல.

நான் ஐந்தாவது வரைக்கும் படித்தவள். மண்ணூர்பேட்டையில் ஒரு கம்பெனி கேன்டீனில் பல வருஷம் வேலை பார்த்தேன். டம்ளர் கழுவும்போது மெட்டுக் கட்டுவேன். தண்ணீர் கொட்டுகிற சத்தத்தில் நான் பாடுவது யாருக்கும் கேட்காது, அதனால் அங்கே மட்டும் தைரியம் வரும். வேலையை விட்ட பிறகு, திருவேற்காட்டில் எங்கள் தெருப் பெண்கள் பால்குடம் எடுக்கும்போது பாட அந்த மெட்டுகளுக்கு அம்மன் பேரில் வார்த்தை வைத்துக் கொடுத்தேன். தலையில் குடத்தோடு நடந்துகொண்டே பாடுகிற பாட்டு. காலடிதான் அதற்குத் தாளம்.

அப்படி ஒரு ஊர்வலத்தில்தான் அந்தத் தம்பி வண்டியை ஓரம் கட்டி நின்று கேட்டார். வேலப்பன்சாவடியில் ஃப்ளாட்டில் இருப்பவர், திருநெல்வேலிப் பக்கம். ஐ.டி. கம்பெனி வேலை. லீவு நாளில் பாட்டுகளுக்கு வாத்தியம் சேர்த்து எழுதுவார்.

“இதுக்குப் பன்னெண்டு வயலின் வச்சா எப்படி இருக்கும் தெரியுமாம்மா?” என்றார்.

“எனக்கு இன்னா தெரியும் தம்பி” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வந்தார். நான் நாற்காலியில் உட்கார்ந்து பாடுவேன். அவர் தரையில் உட்கார்ந்து, கோடு போட்ட தாளில் பென்சிலால் புள்ளி புள்ளியாக எழுதுவார். எனக்கு இளைப்பு உண்டு. ஒருநாள் ‘வேப்பிலை ஏந்தி வெயிலில் நிக்கிற தாயே’ என்கிற அடியில் ‘வெயி’ என்றதும் மூச்சு அடைத்துக்கொண்டது. ஒரு நொடி கழித்துத்தான் ‘லில்’ வந்தது. மறுபடி பாடலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் தம்பி கண் விரிய என்னைப் பார்த்தார்.

“எப்படிம்மா அந்த இடத்துல நிறுத்தணும்னு தோணிச்சு? வெயில்ல நிக்கறவளுக்கு மூச்சு முட்டுது இல்லையா, அதே மாதிரி இருக்கு. படிச்சவங்களுக்குக்கூட இது வராதும்மா.”

அது இளைப்பு என்று நான் சொல்லவில்லை. இத்தனை வயசில் யாரும் என்னிடம் அப்படிப் பேசியதில்லை. தலையைக் குனிந்துகொண்டு சிரித்தேன். அவர் அதைத் தாளில் எழுதிக்கொண்டார்.

ரெக்கார்டிங் வளசரவாக்கம் பக்கம் ஒரு ஸ்டுடியோவில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பன்னிரண்டு பேர் வயலினோடு. இந்தப் பக்கம் தம்பி மைக்கோடு. நான் கதவோரம் உட்கார்ந்திருந்தேன். எனக்கும் தம்பிக்கும் குடிக்க என்று கூடையில் ஒரு தூக்குவாளியில் மோர், இரண்டு டம்ளர் கொண்டுபோயிருந்தேன். முதல் தடவை வாசித்து முடித்தார்கள். தம்பி மைக்கில், “ஒன் மோர்” என்றார்.

கேன்டீனில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒன் டீ, டூ காபி, ஒன் மோர். என் கை தானாகத் தூக்குவாளியைத் திறந்தது. டம்ளரில் ஊற்றி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், முதல் வரிசையில் இருந்த பெரியவரிடம் நீட்டினேன். எல்லோரும் அப்போதுதான் வில்லைத் தூக்கி வைத்திருந்தார்கள். வில்லெல்லாம் இறங்கியது. பின்வரிசையில் ஒருவர் களுக்கென்று சிரித்தார்.

பெரியவர் மட்டும் டம்ளரை வாங்கிக்கொண்டார். “ஒன் மோர்னா இன்னொரு வாட்டின்னு அர்த்தம்மா. பரவால்ல, இதுவும் வேண்டியதுதான்” என்று குடித்தார். நல்ல மனுஷர். நான் திரும்பி வந்து உட்கார்ந்தபோது காதெல்லாம் சுட்டது.

அந்தச் சூட்டோடு இருக்கும்போதுதான் அதே பெரியவர் தாளைக் கையில் எடுத்து, “தம்பி, ரெண்டாவது அடியில நிறுத்தச் சொல்லி எழுதியிருக்கியே. பாட்டு நடந்து போற இடமாச்சே. தப்பா எழுதிட்டியா?” என்று கேட்டார்.

“இல்ல சார், அம்மாவே அப்படித்தான் பாடினாங்க. இந்தப் பாட்டுக்கு உயிரே அதுதான்.” தம்பி திரும்பி என்னைப் பார்த்தார். “சொல்லுங்கம்மா.”

பன்னிரண்டு பேரும் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்கள். ஒரு வார்த்தை போதும். ஆனால் மோர் கொண்டுபோன கையோடு இன்னொரு தடவை முட்டாளாக எனக்குத் துணிவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.

“பாட்டுக்காரம்மாவே சொன்னா சரி” என்றார் பெரியவர். மறுபடி வாசித்தார்கள். பன்னிரண்டு வில்லும் ஒரே நேரத்தில் அந்தரத்தில் நின்று, ஒரே நேரத்தில் இறங்கின. என் இளைப்புக்கு.

தெருவில் எல்லோரும் ஸ்டுடியோவில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். மோர் கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சின்ன வெட்கத்தைக் காட்டி, பெரியதை மூடிக்கொண்டேன்.

அடுத்த ஆடிக்குப் பெண்கள் அந்தப் பாட்டை ஃபோனில் போட்டு, கூடவே பாடி நடந்து பழகினார்கள். அந்த இடத்தில் கால் தடுமாறியது.

“இன்னாக்கா இது, வயலினுக்கு விக்கல் எடுத்துகிச்சா?” என்றாள் ஒருத்தி.

“கம்னு இருடி. பெரிய பெரிய ஆளுங்க வாசிச்சிகீறாங்க. நமக்குத்தான் பாடத் தெரில” என்றாள் என்னோடு கேன்டீனில் சப்பாத்தி போட்டவள். பிறகு அவளே எல்லோருக்கும் அந்த இடத்தில் மூச்சைப் பிடித்து நிற்கச் சொல்லிக் கொடுத்தாள். நான் பக்கத்திலேயே நின்றேன்.

ஊர்வலத்தன்று அந்த அடியில் அவள் கால் பின்னியது. குடம் சாய்ந்து தோள்மேல் பால் சிந்தியது. “இன்னா கொற வெச்சேன்னு தெரிலக்கா. அம்மாவுக்கு எம்மேல கோவம்” என்று அழுதாள். மறுபடி விரதம் இருந்து, அடுத்த வெள்ளிக்கிழமை தனியாக இன்னொரு குடம் எடுத்தாள். அந்தக் குடத்தை அவள் தலையில் தூக்கி வைத்ததே நான்தான். அப்போதும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு என்னால் பாட முடியவில்லை. தம்பி அடுத்த பாட்டுக்கு வந்தபோது, அது இளைப்புதான் என்று அவரிடம் சொல்லிவிட்டேன்.

“எல்லார்கிட்டயும் அந்த இடத்தைப் பத்தித்தாம்மா பெருமையா சொல்லிட்டிருந்தேன்” என்றார். பிறகு, “அன்னைக்கே சொல்லியிருக்கலாமேம்மா. அழிக்கற ரப்பர் என் பையிலதான் இருந்துச்சு” என்றார்.

அப்போதுதான் நினைவு வந்தது. அந்தப் பன்னிரண்டு பேரின் ஸ்டாண்டிலும் தாளுக்குப் பக்கத்தில் ஒரு பென்சில் இருந்தது. தப்பு வரும், திருத்த வேண்டும் என்று தெரிந்தேதான் அவர்கள் வருகிறார்கள். நான் ஒருத்திதான் தப்பே வராத மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

இரண்டாவது பாட்டுக்கு நான் நாற்காலியில் உட்காரவில்லை. இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு தெருவில் நடந்து பாடினேன். தம்பி ஃபோனைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். மூச்சு அடைத்த இடத்தில் எல்லாம், “இது எயுதாத தம்பி, இது இளைப்பு” என்றேன்.

ஸ்டுடியோவில் மூன்றாவது அடியை வயலின்கள் இழுத்து வாசித்தன. கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் குடத்தோடு நடக்கிறவளால் அவ்வளவு நேரம் ஒரு காலைத் தூக்கி நிற்க முடியாது. தம்பியின் மைக் பக்கம் குனிந்து, “ஒன் மோர்” என்றேன்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பெரியவர் நிமிர்ந்தார். “குடிக்கறதாம்மா, வாசிக்கறதா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இழுக்காமல் வாசிக்கச் சொன்னேன். பென்சிலை எடுத்துக் குறித்துக்கொண்டார்கள்.

அன்றைக்கே வீட்டுக்குக்கூடப் போகாமல், பால் சிந்தி அழுதவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே எல்லாம் சொன்னேன். முறத்தை மடியில் வைத்துக்கொண்டாள்.

“அப்போ நான் ரெண்டாவது தபா எட்த்த கொடம்?” என்றாள்.

முறத்தில் இருந்த கல்லைப் பொறுக்கிப் பொறுக்கிப் போட்டாள். தலை நிமிராமலே, “போக்கா. அது ஒன் மோரு” என்றாள்.

சிரிக்கிறாளா என்று முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இந்த ஆடிக்கும் அந்தப் பாட்டை வைத்தார்கள். வயலின்கள் நிற்கும் இடம் வந்தபோது நான் உள்ளே போகவில்லை. தண்ணீர்க் குழாயடியில் அவள் பக்கத்தில், தலையைக் குனிந்துகொண்டு, அது தாண்டிப் போகும் வரைக்கும் நின்றேன்.