மீன்தொட்டிக்கு உயிர்ச்செடி வந்தது

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் வீட்டுத் துணிக்கொடியில் சட்டை பாவாடைகளுக்கு நடுவே செடிகளும் தொங்கும். நீலத்தில் ஒன்று, ரோஸில் இரண்டு, பச்சை என்று சொல்லிக்கொள்ளும்படி ஒன்று. எல்லாமே பிளாஸ்டிக். அப்பா அவற்றை மீன்தொட்டியிலிருந்து பிடுங்கி, பழைய பல் பிரஷால் இலை இலையாகத் தேய்த்து, கிளிப் போட்டு மாட்டுவார். கேமரன் மலைமேல் இருக்கிற எங்கள் தானா ராத்தாவில் வெயில் எப்போதாவது எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற விருந்தாளி. அதனால் செடிகள் காய்வதற்குள் பாதி நாள் போய்விடும். மாலையில் காய்ந்தும் காயாமலும் அவற்றை எடுத்துப்போய்த் தொட்டியில் நட்டுவைப்பார். தண்ணீருக்குள் போகிற பொருளை எதற்காகக் காயவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அப்பா செய்தால் அதற்கொரு காரணம் இருக்கும் என்று நம்புகிற வயது அது.

நான் கேட்டது பூனை. அப்பா வாங்கிவந்தது கப்பி மீன்கள். பூனைக்கு முடி கொட்டும், மீனுக்குக் கொட்டாது என்று விளக்கமும் சொன்னார். அப்பா அரசாங்க அலுவலகத்தில் கிளார்க். பேனாக்களை நிறவாரியாக அடுக்கிவைக்கிற ஆள். அவருக்குப் பிளாஸ்டிக் செடி ரொம்பப் பொருத்தம். வாடாது, அழுகாது, வைத்த இடத்தில் வைத்த மாதிரி நிற்கும். வீட்டுக்கு வருகிறவர்களிடம், இவற்றை வாங்கி எத்தனை காலமாகிறது தெரியுமா என்று கேட்டு, அவர்கள் வியக்கும்வரை காத்திருப்பார்.

அம்மா தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியை. காலையில் பனி விலகுவதற்கு முன்பே கிளம்பிவிடுவார். வந்தால் சமையல், அதன்பின் மாணவர்களின் பயிற்சிப் புத்தகங்கள். தொட்டிப் பக்கம் திரும்பக்கூட மாட்டார். உங்கப்பாவுக்கு வேற வேலையில்லை என்பதுதான் மீன் வளர்ப்பைப் பற்றி அம்மாவுக்கு இருந்த ஒரே கருத்து.

அந்த வருடம் அம்மாவின் வயிறு மேடுதட்டியிருந்தது. தம்பியோ தங்கையோ வரப்போகிறது என்று எதிர்வீட்டு டீச்சர் என் கன்னத்தைக் கிள்ளினார். எனக்கும் விஷயம் தெரியும் என்கிற மிதப்பில் பள்ளியில் பாதிப் பேரிடம் சொல்லி முடித்திருந்தேன். ஒருநாள் வயிற்றுவலி என்று அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். சில நாள் கழித்து அம்மா மட்டும் திரும்பி வந்தார். பாப்பா எப்போது வரும் என்று கேட்டேன். இப்போதைக்கு வராது என்று அப்பா சொன்னார். மழையால் தள்ளிப்போன பள்ளிச் சுற்றுலா மாதிரி இதுவும் தள்ளிப்போயிருக்கிறது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அடுத்த தடவை வெயில் நாளாகப் பார்த்து வைத்துக்கொள்வார்கள் என்று நம்பினேன்.

பள்ளிக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு அம்மா வீட்டிலிருந்தார். ஸ்வெட்டருக்கு மேல் போர்வையையும் சுற்றிக்கொண்டு தொட்டிக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மீனைப் பார்த்தாரா, கண்ணாடியைப் பார்த்தாரா என்று சொல்ல முடியாது. சாப்பிடு என்றால் சாப்பிடுவார். ஏதாவது கேட்டால் கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வரும். அப்பாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. காபி போட்டார். அது ஆறியதும் இன்னொரு காபி போட்டார். பிறகு, பாவம், வாரநாள் என்றும் பார்க்காமல் பிளாஸ்டிக் செடிகளைப் பிடுங்கித் தேய்க்க ஆரம்பித்தார்.

அப்படி அம்மா உட்கார்ந்திருந்த ஒரு காலையில்தான் பெரிய வயிற்றுக்காரக் கப்பி குட்டி போட்டது. முதலில் பார்த்தது நான்தான். கண்ணும் வாலும் மட்டுமே இருந்த துணுக்குகள் தண்ணீரில் துள்ளின. அம்மா நாற்காலியை முன்னே இழுத்துப்போட்டுக்கொண்டார். நான் பள்ளிக்குப் போய்த் திரும்பியபோது ஒன்றுகூட இல்லை. மற்ற மீன்கள் தின்றுவிட்டிருந்தன. பெற்ற மீனும் சேர்ந்துதான் தின்றது. கப்பிகள் அப்படித்தான், அது அவற்றின் சுபாவம் என்று அப்பா புத்தகத்தில் படித்ததைச் சொன்னார். அம்மா காலையிலிருந்து அங்கிருந்து எழுந்திருக்கவே இல்லை போலிருந்தது. கைகள் சில்லிட்டிருந்தன.

"அதுங்க பாவம், அந்தச் செடிக்குள்ள போய்ப் போய்ப் பார்த்துச்சுங்க" என்றார். "ஒளியறதுக்கு ஒரு எடங்கூட இல்லீங்க அதுல."

பல நாளைக்குப் பிறகு அம்மா பேசிய நீளமான பேச்சு அதுதான். பிறகு போனை எடுத்து, தன் தம்பியைக் கூப்பிட்டு, தண்ணீரில் வளர்கிற செடி ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். அடுத்த பிரசவத்துக்குள் வேண்டும் என்றும் சொன்னார்.

மாமா திரிங்காப்பில் ஒரு காய்கறித் தோட்டத்துக்கு லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அக்கா வாய் திறந்து ஒன்று கேட்டுவிட்டாள் என்றதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாளே ஒரு கோணிப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றார். உள்ளே இருந்தது, ஓடுகிற தண்ணீரில் வளர்த்து சூப்புக்கு விற்கிற கீரை. கட்டுக் கட்டாக இருந்தது. அதோடு ஒரு தகரப் பேசின் நிறையக் கறுப்பு மண். அந்த மண்ணுடன் கூடவே ஒரு வாடையும் வீட்டுக்குள் வந்தது. கேமரன் மலையில் பிறந்தவர்களுக்கு அது என்னவென்று சொல்லத் தேவையில்லை. கோழி எரு.

அப்பா மூக்கைப் பொத்திக்கொண்டு, இது எதற்கு என்று கேட்டார். மாமா சிரித்தார். "என்னா மச்சான், எரு போடாம செடி வருமா? திரிங்காப்ல கல்லுல நட்டாக்கூட கோஸ் முட்டிக்கிட்டு வருதுலா. எதனால?"

தொட்டியின் கூழாங்கல்லை ஒதுக்கி, அடியில் எருமண்ணைப் பரப்பி, மேலே கல்லை மூடி, பாத்தி கட்டாத குறையாகக் கீரையை வரிசை வரிசையாக நட்டார். வேலை சுத்தம்தான். மாலை வெளிச்சத்தில் அது அழகாகவே இருந்தது. அம்மா எழுந்துவந்து பார்த்தார். மாமாவுக்கு இரண்டாவது தடவை சோறு போட்டார். எல்லாம் நல்லபடியாக நடக்கப்போகிறது என்றே எனக்குப்பட்டது.

இரண்டொரு நாளில் தொட்டி பச்சைப்பட்டாணி சூப்பாகிவிட்டது. மீன்கள் எல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டு நின்றன. வாடை வாசல் தாண்டி எதிர்வீட்டு டீச்சர்வரை போனது. குளிர் நீரோட்டத்தில் வளர்ந்த கீரையோ ஹீட்டர் வைத்த தொட்டியில் தாக்குப்பிடிக்காமல் துவண்டு படுத்துக்கொண்டது. அம்மாதான் முதலில் ஓடினார். போர்வை தரையில் கிடக்க, கையை முழங்கைவரை பச்சைத் தண்ணீரில் விட்டு, குட்டி போட்டிருந்த அந்தப் பெண் மீனைத் தேடி வலையில் அள்ளினார். அதைப் பக்கெட்டில் விட்டுவிட்டு, அது நீந்துகிறதா என்று பார்த்தபடி குந்தி உட்கார்ந்துகொண்டார். மற்றவற்றை அப்பாவும் நானும் பிடித்தோம். நீண்ட வாலுள்ள ஆண் மீன் ஒன்று குறைந்தது. அதை ஆபீஸ் நண்பர் வீட்டுத் தொட்டிக்குக் கொடுத்துவிட்டதாக அப்பா சொன்னார். பிறகு அந்த நண்பர் வீட்டுக்குப் போனபோதெல்லாம் நான் தொட்டி எங்கே என்று தேடியிருக்கிறேன். அவர் வீட்டில் தொட்டியே இல்லை.

அப்பா ஒரு முழு நாள் தொட்டியைக் கழுவினார். கழுவி முடித்து, வேறு பேச்சுக்கு இடமில்லாமல், பிளாஸ்டிக் செடிகளை எடுத்துவந்தார்.

"அத வெக்காதீங்க" என்றார் அம்மா.

அப்பா நீலச் செடியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். "வேணாம்மா. உசுருள்ளது வாங்கி வெச்சா அதுவும் செத்துப்போகுது. மறுபடி அதையும் நீ பார்த்துக்கிட்டு..." என்று ஆரம்பித்து, முடிக்காமல் விட்டுவிட்டார்.

"செத்தா நான் பார்த்துக்குறேன். அதுக்குப் பயந்துக்கிட்டு இத வெக்கணுமா?"

அப்பா செடிகளைப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டு மூடினார். தொட்டி கழுவுகிற வேலைக்குப் பயந்துதான் அப்பா அப்படிப் பேசுகிறார், சரியான சோம்பேறி என்று நினைத்துக்கொண்டேன்.

மாமா அவமானத்தில் சில நாள் இந்தப் பக்கமே வரவில்லை. பிறகு முட்டைக்கோஸ் ஏற்றிக்கொண்டு மலையிறங்கி ஈப்போ டவுனுக்குப் போனபோது வளர்ப்பு மீன் கடையைத் தேடிப் போயிருக்கிறார். லாரி சீட்டில் தன் பக்கத்தில் உட்காரவைத்து, வளைவுகளில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் பையில் செடிகளைக் கொண்டுவந்தார். நீளநீளமாக இலை விட்ட கொத்துகள் கொஞ்சம், உள்ளங்கையில் அடங்குகிற பாசி ஒரு பந்து. வாசலிலேயே நின்று, மண் கூடாது, எரு கூடவே கூடாது, மீன் போடுவதே எருதான் என்று கடைக்காரர் சொன்னதை ஒப்பித்தார். எருவே வேண்டாத ஒரு செடி இருக்கிறது என்பதை அவரால் கடைசிவரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. முகம் அப்படித்தான் இருந்தது.

இந்தத் தடவை அம்மாவே நட்டார். பாசியைக் கறுப்பு நூலால் ஒரு கல்லில் சுற்றிக் கட்டினார். மீன்கள் பக்கெட்டிலிருந்து வீடு திரும்பின.

ஒரு வாரம் போனதும் இலைகள் கண்ணாடி மாதிரி ஆகிக் கரைய ஆரம்பித்தன. தண்ணீர் மாறினால் பழைய இலை உதிர்ந்துதான் புது இலை வரும், வேர் இருந்தால் போதும் என்று அப்பா எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னார். சொன்னாரே தவிர, அவருக்கும் அதில் நம்பிக்கை இருந்த மாதிரி தெரியவில்லை. ஒருநாள் விடிகாலையில் சிறுநீர் கழிக்க எழுந்தேன். அப்பா தொட்டிக்கு முன்னால் நின்று, அழுகிய இலைகளைச் சாமணத்தால் ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தாளில் மடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் உதட்டில் விரலை வைத்தார். அம்மா எழுந்து பார்க்கும்போது தொட்டியில் செத்த இலை ஒன்றுகூட இருக்காது. எத்தனை நாளாக அப்படிச் செய்துகொண்டிருந்தாரோ. பிளாஸ்டிக்கைத் தேய்த்துப் பழகிய கை, வேறு எதையாவது சுத்தம் செய்யாமல் இருக்காது என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு தண்டின் அடியிலிருந்து ஊசி மாதிரி ஒன்று கிளம்பியது. அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். என்னிடம் காட்டிவிட்டு அப்பாவைக் கூப்பிட்டார். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து, ஆமாம், வருகிறது என்றார். அன்று அம்மா புளிக்குழம்பு வைத்தார். விடுப்பு முடிந்து பள்ளிக்கும் போகத் தொடங்கினார். ஆனால் வீட்டுக்கு வந்ததும் கைப்பையைக்கூடக் கழற்றாமல் நேரே தொட்டிக்குத்தான் போவார். பெண் மீனின் வயிறு கனத்துக்கொண்டே வந்தது. அம்மாவின் முகம் இறுகிக்கொண்டே வந்தது. இந்தத் தடவை ஒன்றாவது தங்க வேண்டும் என்று அம்மா சாமி அறையில் நின்றதை நானே பார்த்தேன். மீனுக்காகவா இவ்வளவு என்று எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அது குட்டி போட்டதை நாங்கள் யாரும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தபோது வயிறு ஒட்டிப்போயிருந்தது. தொட்டியில் குட்டி ஒன்றையும் காணோம். அம்மா கைப்பையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்பா தொண்டையைச் செருமினார். என்ன சொல்லியிருப்பாரோ தெரியாது. அதற்குள் பாசிக்குள் ஒரு கண் அசைந்தது.

நான் கத்தினேன். அம்மா கண்ணாடியில் நெற்றி முட்ட நெருங்கினார். பாசியின் நூல்களுக்கு நடுவே, உடம்பை வளைத்து ஒடுங்கிக்கொண்டு, ஒரு குஞ்சு இருந்தது. பெரிய மீன் ஒன்று மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தது. குஞ்சு இன்னும் உள்ளே போய்விட்டது. பெரியது மூக்கை முட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. அம்மா அழுதார். சிரித்துக்கொண்டேதான் அழுதார்.

குஞ்சுக்குப் பெயர் வைக்கிற உரிமை எனக்குத்தான் என்று நான் மனதுக்குள் வரிசையே போட்டு வைத்திருந்தேன். புள்ளி, மிளகு, கடுகு. இருந்தாலும் மரியாதைக்காக அம்மாவிடம் கேட்டேன். "இதுக்கு என்னா பேரும்மா வெக்கலாம்?"

"முகிலன்" என்றார் அம்மா. கண்ணாடியிலிருந்து பார்வையைக்கூட எடுக்கவில்லை.

அப்பா அம்மாவுக்குப் பின்னால் வந்து குந்தி, அம்மாவின் தோளில் கைவைத்தார். "நல்ல பேருதான்" என்றார். குரல் கரகரத்தது. மலைக்குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தேன்.

எனக்குத்தான் பிடிக்கவில்லை. அரிசியளவு மீனுக்கு வகுப்பில் பெயர் கூப்பிடுகிற மாதிரி ஒரு பெயரா? அது ஆணா பெண்ணா என்றே இன்னும் தெரியாதே. சொல்லிப் பார்த்தேன், யாரும் காதில் வாங்கவில்லை. மறுநாள் பள்ளியில் அதையே பெருமையாக மாற்றிக்கொண்டேன். எங்கள் அம்மா ஒரு சேலை எடுக்க ஈப்போவில் கடைகடையாக ஏறி இறங்குவார், ஆனால் மீனுக்குப் பெயர் கேட்டால் ஒரு நொடிகூட யோசிக்க மாட்டார், அவ்வளவு கெட்டிக்காரர் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.