தேர்வன்று மட்டும் வேண்டாத பிள்ளைகள்

ஆய்வுக் கூட்டத்தில், திரையில் எங்கள் பள்ளியின் பெயர் கடைசி வரியில் சிவப்பாக வந்தது. வட்டாரக் கல்வி அலுவலர் லேசர் விளக்கை அதன்மேல் நிறுத்தினார். பக்கத்தில் இருந்த தலைமை ஆசிரியைகள் என்னைப் பார்க்காமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்கள்.

"விமலா டீச்சர், போன வருஷம் நடுவுல இருந்தீங்க. இப்ப வட்டாரத்துலயே கடைசி. என்ன நடக்குது உங்க ஸ்கூல்ல?"

"பிள்ளைங்க அதிகமாயிட்டாங்க சார்," என்றேன்.

சிலர் சிரித்தார்கள். ஆனால் நான் சொன்னது உண்மை.

பிள்ளை பிடிக்கப் போனது

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையின் மதில் முடிகிற இடத்தில் எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி. ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேரைக் காலையில் மஞ்சள் வேன் வந்து ஏற்றிக்கொண்டு இங்கிலீஷ் மீடியத்துக்குப் போய்விடும். மிச்சம் இருந்தவர்களை நானும் செல்வி டீச்சரும் பார்த்துக்கொண்டோம். எண்ணிக்கை இன்னும் கொஞ்சம் குறைந்தால் செல்வியை 'உபரி' என்று வேறு பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். பிறகு ஐந்து வகுப்பையும் நான் ஒருத்தியே பார்க்க வேண்டும். பள்ளி மானியமும் தலைக்கணக்குப்படிதான். மானியம் என்றால் பெரிய தொகை இல்லை. சாக்பீஸ், பல்பு, குழாய் ரிப்பேர், துடைப்பம் எல்லாம் அதில்தான் ஓட வேண்டும்.

பள்ளிக்குப் பின்னால் லைன் வீடுகள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து கம்பெனிகளில் காண்ட்ராக்ட் வேலை பார்க்கிறவர்கள் அங்கே இருந்தார்கள். பள்ளி நேரத்தில் அவர்கள் பிள்ளைகள் தண்ணீர்த் தொட்டியருகே விளையாடிக்கொண்டிருப்பதை ஜன்னல் வழியாகத் தினமும் பார்ப்பேன். ஜூன் மாதம் ஒருநாள் சேர்க்கைப் படிவங்களோடு அங்கே போனேன்.

முதல் வீட்டில் சபிதா இருந்தாள். ஒடிசாக்காரி. பேக்கிங் வேலைக்குப் போகிறவள், கொஞ்சம் தமிழ் தெரியும். கணவன் வெல்டர். மகள் மினதிக்கு எட்டு வயது.

"ஸ்கூல் காசு எவ்ளோ டீச்சர்?"

"காசே இல்லம்மா. புத்தகம், டிரஸ்ஸு, காலைல டிபன், மதியம் சாப்பாடு, எல்லாம் கவர்மென்ட்டு."

"காலைல டிபனும் குடுக்கும்?" என்று இரண்டு தடவை கேட்டாள். விடிந்ததும் ஷிஃப்டுக்குக் கிளம்புகிறவளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவளே என்னைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாக வந்து அவர்கள் மொழியில் பேசினாள். அந்த வாரத்திலேயே வகுப்பு நிறைந்தது. செல்வியின் பணியிடம் தப்பியது. மானியமும் உயர்ந்தது. பள்ளி மேலாண்மைக் குழுவில் எல்லோரும் கைதட்டினார்கள்.

சிவப்பு

பிரச்சினை முதல் மதிப்பீட்டில் வந்தது. எழுத்து தெரியாதவர்களை அரும்பு, சொற்களைப் படிப்பவர்களை மொட்டு, பத்தி படிப்பவர்களை மலர் என்று பிரிப்போம். புதிதாக வந்த அத்தனை பேரும் அரும்பு. மினதி கணக்கில் கெட்டிக்காரி, ஆனால் கேள்வியைப் படிக்கத் தெரியாது. தண்ணீர்ப் படத்தைக் காட்டினால் ஒடியாவில் 'பாணி' என்று சரியாகச் சொல்வாள். அதற்கு மதிப்பெண் போடக் கட்டம் இல்லை.

அதே சமயம் ஒரு கம்பெனி எங்களுக்கு வகுப்பறை கட்டித்தர முன்வந்திருந்தது. இரண்டாவது வகுப்பறையின் ஷீட் கூரை ஒழுகும். மழை வந்தால் ஐந்து வகுப்பும் ஒரே அறைக்குள். கம்பெனியின் சமூகநலப் பிரிவிலிருந்து வந்த தம்பி மரியாதையாகத்தான் பேசினார். "மேடம், எனக்கு இந்த ஸ்கூலுக்குச் செய்யணும்னுதான் ஆசை. ஆனா மேனேஜ்மென்ட்ல ரிசல்ட் காட்டுங்கன்னு கேப்பாங்க. அடுத்த டெஸ்ட்ல கொஞ்சம் ஏத்திக் காட்டிட்டீங்கன்னா எனக்கு ஈஸி."

அடுத்ததாக வந்ததுதான் அந்த ஆய்வுக் கூட்டம். முடிந்ததும் அலுவலர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. மாவட்டக் கூட்டத்தில் அவரையும் இப்படித்தான் நிற்க வைத்திருப்பார்கள்.

"டீச்சர், உங்க கஷ்டம் புரியுது. அந்த வடநாட்டுப் பசங்க டெஸ்ட் அன்னிக்கு லீவு போட்டா யாரு என்ன கேக்கப் போறா? ஊருக்குப் போயிட்டாங்கன்னு இருக்கட்டும். உங்களுக்கும் பில்டிங் வந்துடும்."

சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது அந்த ஒழுகுகிற கூரைதான் கண்முன் நின்றது. ஒரே ஒருநாள்தானே என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக என்மேலேயே எரிச்சலாகவும் இருந்தது.

குழுக் கூட்டம்

தனியாக முடிவெடுக்கப் பயந்து, குழுவில் வைத்தேன். தலைவி கலைவாணி உள்ளூர்க்காரி. கம்பெனி ஷிஃப்ட் முடிந்து, கழுத்தில் அடையாள அட்டையோடு நேராக வந்திருந்தாள். அலுவலர் சொன்னதை மறைக்காமல் சொன்னேன்.

ஒரு அப்பா எழுந்தார். "அதான் டீச்சர் கரெக்டு. அதுங்க வந்ததுலேர்ந்து நம்ம பசங்களுக்கு எங்க பாடம் நடக்குது? செல்வி டீச்சர் அதுங்களுக்கே 'அ'னா 'ஆ'வன்னா சொல்லிக்கினு கீறாங்க. ஒரே பேஜாரு."

அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது.

வாசலோரம் உட்கார்ந்திருந்த சபிதா கையைத் தூக்கினாள். பேச்சு அவளுக்குப் புரிந்திருக்காது என்று நினைத்துவிட்டோம்.

"டீச்சர், அன்னிக்கு மினதி வராது. நான் எல்லா ஊட்லயும் சொல்றேன், யாரும் வராது. பில்டிங் வரட்டும். மழைல எல்லா புள்ளையும் நனையுது."

அவள் கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். உதவி செய்கிற முகத்தோடு சொன்னாள். செல்வி குனிந்துகொண்டாள்.

கலைவாணிதான் எழுந்தாள். "நீ உக்காரு சபிதா. யோவ் அண்ணா, நான் ஒண்ணு கேக்குறேன். ஜூன் மாசம் இதுங்க பேர எழுதித்தான செல்வி டீச்சர நிறுத்திக்கினோம்? இதுங்க தலைய எண்ணித்தான மானியம் ஏறிச்சு? எண்ணுறதுக்கு வேணும், பரிச்சைக்கு மட்டும் வேணாமா? இது இன்னா நியாயம்?"

"அப்ப பில்டிங்கு?"

"வந்தா வரட்டும், வராட்டி போவட்டும். என் புள்ளையும் அந்த ரூமுலதான உக்காருது?"

எல்லாப் பிள்ளைகளும் எழுதுவது என்று தீர்மானமானது. மறுநாள் அலுவலருக்குப் போன் செய்து சொன்னேன். "உங்க இஷ்டம்" என்று வைத்துவிட்டார்.

பிறகு நாங்கள் செய்தது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. செல்வி, சபிதாவிடம் ஒடியாச் சொற்களைக் கேட்டுப் படம் வரைந்து, கீழே தமிழில் எழுதி ஒட்டினாள். ஒவ்வொரு புதுப் பிள்ளைக்கும் பக்கத்தில் ஒரு ஊர்ப் பிள்ளையை உட்காரவைத்தோம். கலைவாணியின் மகள் மினதிக்குச் சொல்லிக் கொடுத்ததில், சொல்லிக் கொடுத்தவளின் வாசிப்பே தெளிந்தது. கலைவாணியின் கணவர்தான் முதலில் அதைக் கவனித்து என்னிடம் சொன்னார்.

முடிவு

தேர்வுக்கு எல்லோரும் வந்தார்கள். பெரும்பாலோர் அரும்பிலிருந்து மொட்டுக்கு வந்திருந்தார்கள். ஆனாலும் திரையில் எங்கள் வரி சிவப்பிலேயே இருந்தது. கம்பெனித் தம்பி நேரில் வந்து வகுப்பில் உட்கார்ந்து பார்த்தார். ஒரு பையனிடம் அப்பா எங்கே வேலை செய்கிறார் என்று கேட்டார். "உங்க சட்டைல இருக்கிற கம்பெனி" என்றான் அவன். தம்பிக்கு முகம் மாறிவிட்டது. மேலே எவ்வளவோ எழுதிப் பார்த்தார். கட்டடம் நெடுஞ்சாலை ஓரத்துப் பள்ளி ஒன்றுக்குத்தான் போனது.

கட்டடம் வராது என்று தெரிந்த வாரம் கலைவாணி கேட்டாள்: "டீச்சர், ஏறின மானியத்துல ஷீட் வாங்க முடியுமா? ஆளுக்கு நம்மகிட்ட இன்னா பஞ்சம்?"

வாங்க முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை லைன் வீட்டு வெல்டர்களும் ஊர் ஃபிட்டர்களும் கூரைமேல் ஏறினார்கள். கூட்டத்தில் எழுந்து பேசிய அந்த அப்பா கீழே நின்று ஷீட் எடுத்துக் கொடுக்க, மேலிருந்து சபிதாவின் கணவன் வாங்கினான். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. வேலை நிற்கவில்லை. அடுத்து வந்த ஐப்பசி மழையில் ஒரு சொட்டு உள்ளே விழவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சநாள் முன்னால் சபிதா டி.சி. கேட்டு வந்தாள். கணவனுக்குக் குஜராத்தில் வேலை. கம்ப்யூட்டரில் எடுத்து மினதி கையில் கொடுத்தேன். அவள் விரலை வைத்து மெதுவாகப் படித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"டீச்சர், இது என் பேரு இல்ல. 'மினாதி'ன்னு இருக்கு. கால் வேணாம்."

திருத்தி மறுபடி எடுத்துக் கொடுத்தேன். அவள் போய்விட்டதால் அடுத்த மதிப்பீட்டில் எங்கள் பள்ளிக்கு ஒரு மலர் குறைந்தது.

புதிதாகத் தலைமை ஆசிரியராகிறவர்கள் என்னிடம் கேட்டால் இதைத்தான் சொல்கிறேன். எண்ணிக்கைக்காக ஒரு பிள்ளையின் பெயரை எழுதினீர்களா, தேர்வு நாளிலும் அந்தப் பெயரைக் கூப்பிடுங்கள். சதவீதம் இறங்கினால் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நிற்க வேண்டியிருக்கும். நான் நின்றிருக்கிறேன், நிற்க முடிகிறது.