சாம்பிளுக்குப் போன பம்ப்

அந்த மழைக்காலத்தில் எங்கள் லாரிக்குப் பாதி பிரேக் நான்தான். சொன்னால் சிரிப்பார்கள். போர்ட் பிளேரின் டெலானிபூர் இறக்கத்தில் என் வீட்டுக்காரர் சீட்டை விட்டு எழுந்து, உடம்பு முழுவதையும் பெடல் மேல் போட்டு மிதிப்பார். “இழு புள்ள” என்பார். நான் பக்கத்து சீட்டிலிருந்து சாய்ந்து, ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் பிடித்து இழுப்பேன். வண்டி முனகிக்கொண்டே நிற்கும். பின்னால் வெங்காய மூட்டைகள் சரிகிற சத்தம் கேட்கும். அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு வரும்.

டீசல் வண்டியில் பிரேக்குக்கு ஒரு துணை வேண்டும். இஞ்சினோடு சேர்ந்து பெல்ட்டில் சுற்றுகிற சின்னப் பம்ப் ஒன்று காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அந்த உறிஞ்சல் இருந்தால்தான் பெடல் காலுக்கு லேசாக இருக்கும். வேக்குவம் பம்ப் என்பார்கள். எங்களுடையது ஒரு தேங்காய் அளவுதான் இருக்கும். அது தேய்ந்துபோனதில் பெடல் கட்டையாகிவிட்டது. இதெல்லாம் எனக்குத் தெரிந்து என்ன ஆகப்போகிறது? ஆனால் ஒரு பொருள் கெட்டுப்போனால்தான் அதன் பேரே நம் வீட்டுக்குள் வருகிறது.

வண்டி பழசு. ஆனாலும் எங்களுடையது. என் வீட்டுக்காரருடைய அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்து, கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டியவர்கள். இவர் போர்ட் பிளேருக்கு வந்து பாதி வயது வரைக்கும் அடுத்தவர் வண்டியை ஓட்டினார். முதலாளி சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் வாசலில் நிற்பார், திட்டினால் கேட்டுக்கொள்வார். சொந்த வண்டி வந்த அன்று, “இனிமே எவன் வண்டியையும் தொட மாட்டேன்” என்று என்னிடம் சொன்னார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சோறு பிசைந்துகொண்டே சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் நான் ஹேண்ட் பிரேக் இழுத்தேன்.

பம்ப்தான் கெட்டுக்கொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்தவர் எங்கள் ஊர் டாலிகஞ்சில் தகரக் கொட்டகை போட்டிருக்கும் பெங்காலி மெக்கானிக். “பாபி, பம்ப் கதம்” என்றார் என்னைப் பார்த்து. அண்ணி, பம்ப் முடிந்தது, புதுசுதான் போட வேண்டும் என்று அர்த்தம். இங்கே எந்தக் கடையிலும் பம்பும் இல்லை, அதன் ரிப்பேர் கிட்டும் இல்லை. மெயின்லேண்டிலிருந்துதான் வர வேண்டும்.

இந்தத் தீவில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கெட்டுப்போன பாகத்தைக் கழற்றி, சென்னைக்குப் போகிற யார் கையிலாவது கொடுத்துவிடுவார்கள். அங்கே கடைக்காரரிடம் அதைக் காட்டி, அதே மாதிரி ஒன்றை வாங்கி வர வேண்டும். சாம்பிள் என்று அதற்குப் பேர். மகள் கல்யாணத்துக்குப் போகிறவர் பெட்டியிலும் பட்டுப்புடவைக்கு நடுவே யாருடைய கியர் சக்கரமாவது இருக்கும். யாரும் மாட்டேன் என்று சொல்ல மாட்டார்கள், நாளைக்கு அவர்களுக்கும் வேண்டியிருக்கும்.

எங்கள் வீட்டுக்கு மேலே அரசாங்கக் குவார்ட்டர்ஸில் இருந்த கிளார்க், திருநெல்வேலிக்காரர், லீவில் ஊருக்குப் போகக் கப்பல் டிக்கெட் எடுத்திருந்தார். என் வீட்டுக்காரர் உடனே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வண்டிக்குக் கீழே போய்விட்டார்.

“ஓடுற வரைக்கும் ஓடட்டுமேங்க. போட்டோ எடுத்து அனுப்புனா போதாதா?” என்றேன்.

“போட்டோவ நம்பி கிளட்ச் பிளேட்டு வாங்குனோமே, அது பத்தாதா? சாம்பிள் கையில இருந்தா எவனும் மாத்திக் குடுக்க முடியாது புள்ள.”

அந்த கிளட்ச் பிளேட் ஒரு சைஸ் பெரிதாக வந்து, இப்போது எங்கள் தண்ணீர் டிரம் மூடி மேல் பாரமாக உட்கார்ந்திருக்கிறது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு அதில்தான் வயிற்றெரிச்சல். தப்பான ஆள் தப்பாகச் செய்தால் நாலு வார்த்தை கேட்டு ஆறிக்கொள்ளலாம். இவர் பம்பைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, தன் பழைய சட்டையில் சுற்றி, குழந்தையைக் கொடுப்பதுபோல் கிளார்க் கையில் கொடுத்தார். கொஞ்சம் பிரேக் இருந்த வண்டி அன்றோடு பிரேக்கே இல்லாத வண்டியானது. இந்த ஊர் மேட்டிலும் பள்ளத்திலும் அதை நகர்த்தவே முடியாது.

கப்பல் கிளம்பிய மறுநாள் மெக்கானிக் போன் செய்தார். டாலிகஞ்சில் மூடிக் கிடந்த ஒரு ஸ்பேர் கடையைக் காலி செய்கிறார்களாம். பழைய அட்டைப் பெட்டி ஒன்றில் எங்கள் பம்புக்கான ரிப்பேர் கிட், சீல் வாஷரோடு முழுசாக இருக்கிறதாம். “பம்ப் லே ஆவோ. ஆஜ் ஹி பனா தூங்கா” என்றார். பம்பைக் கொண்டு வாருங்கள், இன்றைக்கே சரிசெய்து தருகிறேன் என்கிறார். பம்ப் நடுக்கடலில் இருந்தது.

என் வீட்டுக்காரர் சிரித்தார். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“மாப்பிள்ள இங்க, பொண்ணு அங்க” என்றேன், ஏதாவது பேசவேண்டுமே என்று.

சென்னையில் கடைக்காரர், இது பழைய மாடல், தேடிப் பார்க்க வேண்டும், சாம்பிளை விட்டுவிட்டுப் போங்கள் என்று சொல்லியிருக்கிறார். கிளார்க்கும் விட்டுவிட்டு ஊருக்குப் போய்விட்டார். பழையதையாவது திருப்பி அனுப்பச் சொல்லிக் கெஞ்சினோம். விமானப் பார்சலில், எண்ணெய் ஊறிய சாமான் ஏற்ற மாட்டோம் என்று கடைப் பையனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்குள் வங்கக் கடலில் புயல் சின்னம் வந்தது. பயணிகள் கப்பல் ரத்து, சரக்குக் கப்பலில் கைச்சாமான் ஏற்றமாட்டார்கள். அடுத்த கப்பல் எப்போது என்று கேட்டால் ‘அறிவிப்போம்’ என்றார்கள். இங்கே பிறந்து வளர்ந்த எனக்கு அந்த வார்த்தையின் நீளம் தெரியும்.

எங்களுக்கு நிரந்தரமாக இருந்தது ஒரே ஒரு வேலை. சரக்குக் கப்பல் வருகிற நாட்களில் துறைமுகத்திலிருந்து காய்கறி மூட்டைகளை மண்டி வியாபாரி ஒருவருக்கு ஏற்றிக்கொண்டுபோய்க் கடைகளுக்கு இறக்க வேண்டும். வியாபாரி நல்ல மனுஷர். எங்களுக்காகக் கொஞ்ச நாள் வாடகை வண்டி வைத்து ஓட்டினார். பிறகு வீட்டுக்கே வந்தார், உட்காரவில்லை.

“தம்பி, வெங்காயம் அழுகுதுல்லா. நான் என்ன செய்யட்டும் சொல்லுங்க” என்றார்.

“நீங்க செய்யிறத செய்யுங்கண்ணே” என்றார் இவர். அவ்வளவுதான். வேலை வேறொருவர் வண்டிக்குப் போனது. கோபப்படுவதற்குக்கூட எங்களுக்கு ஆள் இல்லை. கிளார்க் நல்லவர், மெக்கானிக் நல்லவர், வியாபாரி நல்லவர். எல்லோரும் நல்லவர்களாக இருந்தே நாங்கள் கெட்டோம்.

முதலில் என் வீட்டுக்காரர் தினமும் காலையில் போய் இஞ்சினை ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்துவார். கண்ணாடியைத் துடைப்பார். அப்புறம் கண்ணாடி துடைப்பது நின்றது. அப்புறம் ஸ்டார்ட் செய்வதும் நின்றது. மழைத்தண்ணீர் டயரைச் சுற்றித் தேங்கி, பாசி பிடித்தது. வீட்டில் இரண்டு பேரும் இருந்தும் ஒருவரும் இல்லாதது போல் இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. பட்டினிக்கு இல்லை, அவர் முகத்துக்கு.

ஹேவ்லாக் தீவிலிருந்து போன் வந்தது அப்போதுதான். அங்கே ஒரு ரிசார்ட்டுக்கு படகுத்துறையிலிருந்து சாமான் ஏற்றுகிற வண்டிக்கு டிரைவர் வேண்டும். தங்க இடம், சாப்பாடு உண்டு. அவர் ஒரு நாள் முழுக்க யோசித்தார். நான் போகாதீங்க என்று சொல்லவில்லை. சொன்னால், பிறகு என்ன செய்வது என்று கேட்பார்.

“பம்பு வர்ற வரைக்கும்தான் புள்ள” என்றார் துணியை மடித்துக்கொண்டே. “வந்த அடுத்த போட்ல வந்துருவேன்.”

நான் நம்பினேன். நம்பியதால்தான் படகுத்துறையில் அழாமல் நிற்க முடிந்தது. அதற்குப் பிறகு நான் கும்பிட்ட சாமி எல்லாம் கப்பல் சாமிதான்.

கிளார்க் ஒருவழியாக வந்து இறங்கினார். ஒரு கையில் அல்வா பொட்டலம், மறு கையில் பம்ப். புத்தம் புதுசு, புள்ளி பிசகாமல் எங்களுடையதேதான். சாம்பிள் கொடுத்ததால்தான் சரியாகக் கிடைத்தது என்று அவர் பெருமையாகச் சொன்னார். வாங்கிக்கொண்டேன். அவரை என்ன சொல்வது?

மெக்கானிக் அன்றைக்கே வந்தார். பம்பைப் பொருத்தி, ஆயில் பைப்பை முடுக்கி, பெல்ட்டை மாட்டிக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். பிறகு என்னை டிரைவர் சீட்டில் உட்காரச் சொன்னார். இஞ்சின் ஓடாதபோதே பெடலைப் பலமுறை மிதித்தேன். கல்லாக நின்றது. “தபாகே ரக்கோ” என்றார், அழுத்தியபடியே இருக்க வேண்டுமாம். ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருப்பினார். இஞ்சின் பிடித்ததும் பெடல் என் காலுக்குக் கீழே தானாக மெல்ல இறங்கியது. எனக்கு அழுகை வந்துவிட்டது. சீட்டை விட்டு இறங்காமலேயே என் வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

“பெடல் எறங்குதா?” என்றார்.

“பஞ்சு மாதிரி எறங்குது. எப்ப வர்றீங்க?”

“வித்துரு புள்ள.”

“எத?”

“வண்டிய. பிரேக் சரியாயிருச்சில்ல, இப்பவே குடுத்துரு. இன்னைக்கு பம்பு, நாளைக்கு வேற ஒண்ணு போகும். ஒவ்வொண்ணுக்கும் கப்பல் பாத்து உக்கார எனக்குத் தெம்பு இல்ல. இங்க வண்டி நின்னா அது மொதலாளி தலவலி. நான் சாப்புட்டுப் படுத்துத் தூங்குறேன். எத்தன நாளைக்கப்புறம் தூங்குறேன் தெரியுமா?”

“அப்ப நான்?”

“மாசம் ஒருக்கா வருவேன்ல” என்றார்.

போனை மடியில் வைத்தேன். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டே ஜன்னல் பக்கம் வந்தார். “பாய் குஷ்?” என்று கேட்டார், அண்ணனுக்குச் சந்தோஷமா என்று.

“குஷ்” என்றேன்.

இஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. எனக்கு நிறுத்தத் தெரியவில்லை. அவரே கையை விட்டு நிறுத்தினார்.