மேனேஜர் ஏன் முறைச்சார்னு கண்டுபிடிச்ச கதை

இன்னிக்கு ஆபீஸ் டாய்லெட்ல நின்னுக்கிட்டு கவுன்சிலிங் அட்டெண்ட் பண்ணேன்.

திருப்பூர் மண்ணரையில ஒரு பனியன் கம்பெனியில நான் மெர்ச்சண்டைசர். சரக்கு வாங்குற ஃபாரின் பையரோட மெயிலை மீட்டிங்ல படிச்சுச் சொல்றதுதான் வேலை.

நான் படிக்க ஆரம்பிச்சதும் புரொடக்‌ஷன் மேனேஜர் அண்ணன் முறைப்பாரு பாருங்க, நான் கடகடன்னு படிச்சு முடிச்சுட்டு உக்காந்துடுவேன்.

அதனாலயே ஒரு விஷயத்தை ரெண்டு நாளா அவர்கிட்ட சொல்லல. கழுத்துல வர்ற லேபிளை சைடுக்கு மாத்தச் சொல்லி பையர் எழுதியிருந்தாரு. இன்னிக்கு மத்தியானம் தையல் ஆரம்பம். தெச்சுட்டா அத்தனையும் பிரிக்கணும்.

இந்த நேரத்துலதான் ஸ்டாஃப் மனநலத்துக்குன்னு கம்பெனி ஏற்பாடு பண்ணின ஆன்லைன் புரோகிராம். பேர் கிடையாது, முகம் கிடையாது. நம்மள மாதிரியே பயப்படுற இன்னொரு ஸ்டாஃபோட சாட்ல ஜோடி சேர்த்து விடுவாங்க.

சீனியர்கிட்ட ஒரு தப்பைச் சொல்லணும், கேபின் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பிடுறேன்னு டைப் பண்ணேன்.

"போய்ச் சொல்லிப்போடுங்க. உங்களைக் கடிச்சா தின்னுருவாரு?"

(திருப்பூர்ல பாதிப்பேர் இப்படித்தான் பேசுவாங்க. எனக்குச் சந்தேகமே வரல.)

சரி, உங்களுக்கு என்ன பயம்னு கேட்டேன். ரொம்ப நேரம் டைப் பண்ணிட்டே இருந்தாரு.

"மீட்டிங்ல ஒரு புள்ள இங்கிலீஷ் மெயிலைக் கடகடன்னு படிக்குதுங்க. பாதி புரியறதில்லீங்க. கேக்கக் கூச்சம். அதனால மொறச்சுக்கிட்டே உக்காந்துக்குவனுங்க."

நான் குழாயைப் பிடிச்சுக்கிட்டேன்.

அந்தப் புள்ளையைத் தமிழ்ல சொல்லச் சொல்லுங்க, சந்தோஷமா சொல்லும்னு எழுதிட்டு நேரா அவர் கேபினுக்குப் போனேன். அவசரமா போனைக் கவுத்து வச்சாரு.

"அண்ணே, லேபிள் சைடுக்கு மாறிடுச்சு. ரெண்டு நாளா சொல்லப் பயந்துட்டேன்."

அண்ணன் ஒரு வார்த்தை திட்டல. தையல் லைனுக்குப் போன் போட்டு நிறுத்தச் சொன்னாரு. ஒரு பீஸ்கூட தைக்கலையாம்.

கிளம்பும்போது கூப்பிட்டாரு.

"அம்மிணி, இனிமே அந்த மெயிலைத் தமிழ்லயே சொல்லிரு. லைன்ல இருக்கறவங்களுக்குச் சொல்லச் சுலுவா இருக்கும்."

லைன்ல இருக்கறவங்களுக்காம். நானும் ரொம்ப சீரியஸா தலையாட்டினேன்.

சாயங்காலம் ஃபீட்பேக் ஃபார்ம் வந்துச்சு. உங்க ஜோடியை நேர்ல சந்திக்க விருப்பமான்னு கேட்டிருந்தாங்க.

வேண்டாம்னு போட்டுட்டேன். நாளைக்குக் காலையில பத்து மணிக்கு மீட்டிங் இருக்கு.