எல்லாவற்றுக்கும் ஆமாங்க

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். பொய்யில்லை. நர்ஸ் வேலைக்கு வந்தும் அது குறையவில்லை. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் எனக்கு முதல் வேலை. நோயாளியிடம் கேட்டுக் கேஸ் ஷீட் எழுதுவதில் என் வேகம் யாருக்கும் வராது என்று மிதப்பு வேறு. முதலில் நோயாளியைப் பேச விட வேண்டும், பிறகுதான் கேள்வி என்று பயிற்சியில் படித்திருந்தேன். யாருக்கு நேரமிருந்தது? பதிலையும் நானே கேள்விக்குள் வைத்துக் கேட்பேன். அவர்கள் தலையாட்டுவார்கள். நான் டிக் போடுவேன்.

கழக ஆட்சி வந்த புதிது. ஊருக்கு ஊர் கூலிச் சண்டை. உள்ளூர் ஆட்கள் அறுவடைக்கு இறங்க மறுத்தார்கள், மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை இறக்கினார்கள், பின்னாலேயே போலீஸ் வந்தது. எங்கள் அப்பாவுக்கும் நிலம் உண்டு என்பதால் வீட்டில் எந்நேரமும் அதே பேச்சு. ஆஸ்பத்திரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

ஒரு நாள் காலையில் விவசாயக் கூலிப் பெண் ஒருத்தி வந்தாள். முப்பது வயதிருக்கும். வயலில் முள் குத்திய இடம் சீழ் பிடித்து, வலது கால் முழங்கால்வரை வீங்கியிருந்தது. காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. டாக்டர் பார்த்துவிட்டு, "பென்சிலின் போடுங்க. முன்னாடி போட்டு ஏதாவது ஆச்சான்னு கேட்டுக்குங்க" என்று சொல்லிப் போனார். சிலருக்கு அந்த ஊசி ஒத்துக்கொள்ளாது. சில நிமிடங்களில் உயிரே போய்விடும்.

ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். அவள் உட்காரவில்லை, சுவரைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்றாள்.

"பென்சிலின் ஊசி முன்னாடி போட்டிருக்கியா?"

"ஆமாங்க."

"ஒண்ணும் ஆகலையே?"

"ஆமாங்கம்மா, ஒண்ணும் ஆகலைங்க."

ஒவ்வாமை இல்லை என்று எழுதினேன். ஊசி மருந்தை ஏற்றிக்கொண்டு வந்து, அவள் கையைத் துடைத்தபடி சும்மா கேட்டேன்.

"வலி குறைஞ்சிருக்கா?"

"ஆமாங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "இப்பத்தானே வந்தே? மருந்தே போடலை, எப்பிடிக் குறையும்? சரி, ஏரோப்பிளேன்லயா வந்தே?"

"ஆமாங்க."

பக்கத்துக் கட்டில்காரி குபீரென்று சிரித்தாள். இவள் சிரிக்கவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்படியானால் ஊசிக்குச் சொன்ன ஆமாங்க? ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, அவளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"போன தடவை ஊசி போட்டப்ப என்ன நடந்துச்சு? நீயே சொல்லும்மா. நான் குறுக்க பேசலை."

மெதுவாகச் சொன்னாள். "திருவாரூர்ல போட்டாங்க. உடம்பெல்லாம் தடிச்சுப்போச்சு. மூச்சு முட்டிக் கீழ விழுந்துட்டேன். இனிமே இந்த ஊசியே போட்டுக்காதேன்னு டாக்டரய்யா சொன்னாரு."

"அடிப்பாவி! அப்புறம் ஏன் ஒண்ணும் ஆகலைன்னே? செத்துப் போயிருப்பியே!"

"நீங்கதானேம்மா 'ஆகலையே'ன்னீங்க. அதை மறுத்து எப்பிடிச் சொல்றது? பண்ணையில 'இந்தக் கூலி கட்டாதுங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னதுக்குத்தான் எங்க வீட்டுக்காரரு லாக்கப்புல கெடக்கறாரு. நானும் எதுத்துப் பேசினா புள்ளைங்களுக்கு யாரு இருக்கா?"

டாக்டரிடம் ஓடினேன். மருந்தை மாற்றினார். கால் ஆற நாளானது, ஆனால் நடந்தே வீட்டுக்குப் போனாள்.

மருந்தை மாற்றிய அன்று மத்தியானமே, வார்டில் இருந்த மற்றவர்களின் கேஸ் ஷீட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டேன். ஒவ்வாமை இல்லை, இல்லை, இல்லை. எல்லாம் என் கையெழுத்து. எது அவர்கள் சொன்னது, எது நான் சொல்ல வைத்தது என்று எனக்கே தெரியவில்லை. சாப்பிடப் பிடிக்காமல் எழுந்துபோய், முதல் கட்டிலிலிருந்து மறுபடி கேட்கத் தொடங்கினேன்.