கொள்ளிடத்துத் தீவில் நான் அடைத்த வழி

மன்னார்புரத்தில் மாடி வீடுகள் ஏழு. திருவெள்ளறைப் பக்கம் பாறையை உடைத்து இறக்கிய கிணறுகள் ஆறு. இப்போது எழும்பிக்கொண்டிருக்கும் கைலாசபுரம் குடியிருப்பில் ஒரு தெரு முழுக்க அஸ்திவாரம். இத்தனையும் மூன்றாம் வகுப்போடு நின்றுவிட்ட ஒருவன் கட்டியவை. எனக்கு பிளான் படிக்க வராது. ஆனால் நூல் பிடித்தேன் என்றால் சுவர் இம்மி கோணாது. என்னைப் பார்த்துச் சிரித்த ஓவர்சியர்கள் பிற்பாடு என்னிடமே வந்து யோசனை கேட்டார்கள். இதைச் சொல்ல எனக்கென்ன கூச்சம்? ஆனால் நான் கட்டியதில் ஒன்றை நானே வெட்டிப் போட்டேன். அந்தக் கதைதான் இது.

ஐம்பதுகளின் நடுவில், பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முந்தின ஓர் ஆடி மாதம். ஸ்ரீரங்கம் இரண்டு ஆறுகளுக்கு நடுவில் இருக்கும் தீவு என்பது ஊருக்கே தெரியும். அதற்கு வடக்கே கொள்ளிடத்துக்குள்ளேயே ஒரு குட்டித் தீவு உண்டு. அது பலருக்குத் தெரியாது. முப்பது வீடு இருக்கும். கோடையில் மணலில் நடந்தே போய்விடலாம், தண்ணீர் வந்துவிட்டால் பரிசல்தான். நாணல் அறுக்க வந்த நாலு குடும்பம் அங்கேயே தங்கி, எருமை வளர்த்து, அப்புறம் வாழை வைத்து ஊராக்கிய இடம் அது. ஆறு மேற்கு முனையைத் தின்னும். கிழக்கு முனையில் மணலைக் கொண்டுவந்து கொட்டும். தலைமுறைக்கு ஒரு முறை மேற்கு வீட்டுக்காரர்கள் கதவையும் உத்தரத்தையும் கழற்றி எடுத்துக்கொண்டு கிழக்கே தள்ளிப்போய்க் குடியேறுவார்களாம். அந்த ஊரே மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

முந்தின வருடத்து வெள்ளத்தில் வாழை முழுக்கப் போய்விட்டது. மேற்கு முனையில் மட்டும் கரை போட்டுத் தரச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். நான் தீவைச் சுற்றி வந்து பார்த்தேன். "அரைகுறை வேலை நமக்கு ஆகாது. சுத்திக் கட்டுவோம்" என்றேன்.

தீவின் நடுவில் மேற்கிலிருந்து கிழக்குவரை தெரு மாதிரி ஓர் இடம் காலியாகக் கிடந்தது. இரண்டு முனையிலும் அதை அடைக்கப் போனபோது, வாழை வைத்துப் பிழைத்துவந்த ஒரு விதவை அம்மா குறுக்கே வந்து நின்றார்.

"மேஸ்திரி, இது ஆத்து வழிங்க. இதுல நாங்க ஆட்டைக்கூடக் கட்ட மாட்டோம்."

"ஆத்துக்கு எதுக்கும்மா தெரு? மாப்பிள்ளை ஊர்வலமா வரப்போவுது?"

சுற்றி நின்ற ஆண்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்த அம்மா சிரிக்கவில்லை.

"உள்ள வர்ற தண்ணி வெளிய போவணும்ல?"

"உள்ள வந்தாத்தானே போறதுக்கு? நான் கட்டுனா வராதும்மா."

கட்டி முடித்தேன். மண்கரை, வெளிப்பக்கம் கருங்கல். ஒரு கல்லைக்கூட யாராலும் அசைக்க முடியாது.

ஆடியில் ஒருநாள் விடிந்ததுமே, ஆற்றில் பெருந்தண்ணீர் வருகிறது என்று தமுக்கு அடித்தார்கள். என் கரை நிற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று நானே பரிசல் பிடித்துப் போனேன். கரை நின்றது. ஆனால் தண்ணீர் மேற்கே கரைக்கு மேல் ஏறி உள்ளே விழுந்தது. முன்பெல்லாம் இப்படி வந்தால் நடுவில் இருந்த அந்த ஆற்று வழியில் முழங்கால் அளவு ஓடி, கிழக்கே இறங்கிப் போய்விடும். இப்போது கிழக்கே என் கரை அடைத்து நின்றது. தொட்டியில் நிரம்புவது மாதிரி ஊருக்குள் தண்ணீர் ஏறியது. கிழக்குக் கரையில் நின்று பார்த்தால் வெளியே ஆறு கீழே இருக்கிறது, உள்ளே ஊர்த் தண்ணீர் மேலே இருக்கிறது.

அந்த அம்மா இடுப்பளவு தண்ணீரில் நடந்து வந்தார். "கிழக்கால வெட்டி விடுங்க மேஸ்திரி."

"வெட்டுனா ஆறு உள்ள பூந்துரும். பொறுங்க, வடிஞ்சுரும்."

ஒரு மணி நேரம் இப்படியே முரண்டு பிடித்தேன். ஊர்க்காரர்கள் பிள்ளைகளைக் கரை மேட்டுக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த அம்மாவின் மாமனாருக்குக் காலிரண்டும் வராது. அவரைத் தூக்கப் போனவர்களிடம் அவர் சொன்னாராம்: "மேஸ்திரி நிக்கும்னா நிக்கும்யா. மொதல்ல புள்ளைங்களப் பாருங்க, என்னை அப்புறம் தூக்கலாம்."

அந்த அம்மா திரும்பவும் வந்தார், கையில் மண்வெட்டியோடு. நேரே கரையை வெட்ட ஆரம்பித்தார். நான் பாய்ந்து போய்க் காம்பைப் பிடித்துக்கொண்டேன். "என் கரையில கை வைக்காதே!" என்று கத்தினேன். இரண்டு பேரும் காம்பை இழுத்துக்கொண்டு நிற்கும்போதுதான் பின்னால் சத்தம் கேட்டது. ஊறிப்போன மண்சுவர் உட்காருகிற சத்தம். நான் எத்தனையோ சுவர்களை இடித்தவன், அது என்ன சத்தம் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. விழுந்தது அவர் வீட்டுச் சுவர்.

அவர் மண்வெட்டியை என் கையிலேயே விட்டுவிட்டு ஓடினார். நான் வெட்டினேன். நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். உள்ளங்கை கிழிந்தது தெரியவில்லை. கல்லைப் பெயர்த்ததும் தண்ணீர் கரையைப் பிய்த்துக்கொண்டு கிழக்கே பாய்ந்தது. கொஞ்ச நேரத்தில் முழங்காலுக்கு இறங்கிவிட்டது. சுவருக்கு அடியிலிருந்து பெரியவரை எடுத்தபோது உயிர் இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் போனேன். அடிப்பார்கள் என்று நினைத்துத்தான் போனேன். அந்த அம்மா விழுந்த சுவரைக் காட்டினார். "கட்டிக் குடுங்க மேஸ்திரி. வழியை விட்டுட்டுக் கட்டுங்க." அவ்வளவுதான் சொன்னார். கட்டிக்கொடுத்தேன். இரண்டு முனையிலும் கரையைத் திறந்துவிட்டேன். அதற்குப் பிறகு இரண்டு பெருவெள்ளம் வந்தது. தண்ணீர் அந்த வழியாக வந்து அந்த வழியாகவே போய்விட்டது.

போன மாதம் அந்தத் தீவுக்காரர்கள் தங்கள் ஊர்க் கதையைச் சிறு புத்தகமாக அச்சடித்து எனக்கும் ஒன்று அனுப்பினார்கள். எழுத்துக்கூட்டிப் படித்தேன். 'மேஸ்திரி ஒருவர் துணிந்து கரையை வெட்டி ஊரைக் காப்பாற்றினார்' என்று ஒரு வரி. 'வெள்ளத்தில் முதியவர் ஒருவர் காலமானார்' என்று இன்னொரு வரி. முதல் வரியில் என்னை வைத்தவர்கள் இரண்டாவது வரியில் விட்டுவிட்டார்கள். மறுபடி அச்சடிக்கும்போது திருத்திப் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். வழியை அடைத்தவன் நான், திறக்கவிடாமல் மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றவனும் நான். நான் செய்த வேலைக்கு இன்னொருவன் பேர் வாங்கினால் இந்த வயதிலும் சும்மா விட மாட்டேன். என் வார்த்தையை நம்பிப் படுத்திருந்த ஒரு மனிதரின் சாவைக் கொள்ளிடத்தின் பேரில் எழுதுவதை மட்டும் எப்படி விடுவேன்?